கரி ஏறிய கோட்டு

வேதாசலம் மேஜைமேல் வைத்த பொட்டலத்தை யாரும் தொடவில்லை. நான் மட்டும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன். விஷம் என்று சொல்லி ஒரு மனிதர் எதையாவது நீட்டினால் தள்ளி உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"முக்காவாசிய போலீஸ் எடுத்துக்கிச்சு. கீழ சிந்தினத நான் வழிச்சு வெச்சேன்," என்றார் அவர். "அவ கூடையில இருந்துச்சும்மா. நானே என் கையால எடுத்தேன்."

மல்லாபூரில் மின்கம்பிச் சுருள் செய்யும் மத்திய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றுக்குச் சொந்தமாகத் தீயணைப்பு நிலையம் உண்டு. அதன் அதிகாரி வேதாசலம். ஆம்பூர்க்காரர். நிலையத்தில் பாதிப் பேர் அவரைப் போலவே பழைய மதராஸ் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். காக்கி உடுப்பின் மடிப்பு கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மட்டும் பல நாள் தூங்காத கண்கள்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் ரெஜிமெண்டல் பஜாரில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வாசல் பலகையில் 'மங்கையர்க்கரசி, துப்பறிவாளர்' என்று எழுதியிருக்கும். ரயில்வேயில் காணாமல் போன பார்சல்களைத் தேடும் பிரிவில் இருந்தவர், பார்சலை விட மனிதர்கள் சுவாரசியம் என்று வேலையை விட்டவர். நான் ஜெகதீசன், அவருடைய உதவியாள். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவன். அம்மாவிடம் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டை என்றால் உருது. பலகையில் என் பெயருக்கு இடம் போதவில்லை என்று மேடம் சொல்கிறார். பலகை ஆறடி நீளம்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

"மொதல்ல தேவசகாயம் போனான். தொண்டையில கட்டி. பெரிய வயசு இல்ல. அவன் பொண்டாட்டி ஆரோக்கியமேரி வேலை கேட்டா, கிடைக்கல. பாவமேன்னு ஸ்டேஷனுக்கு டீயும் பஜ்ஜியும் கொண்டாந்து விக்கச் சொன்னேன். அவ வர ஆரம்பிச்சப்புறம் இளங்கோவன் போனான். மூத்திரப்பையில. இப்போ ராஜாராமன் ஆஸ்பத்திரியில கிடக்கறான், சீதாராமனுக்குக் கழுத்துல புண்ணு ஆறவே மாட்டேன்னுது. டாக்டர் எல்லாத்தையும் கான்சர்ன்றாங்க. ஒருத்தனுக்கு வந்தா கான்சர். ஒரே ஸ்டேஷன்ல வரிசையா வந்தா அது கான்சராம்மா?"

"நீங்க என்னன்னு நெனைக்கறீங்க?"

"இடுமருந்து. சோத்துல கொஞ்சம் கொஞ்சமா வெச்சா உள்ளயே இருந்து அரிக்கும். எங்க ஊர்ல பாத்திருக்கேன். வேலை குடுக்காத ஆத்திரத்துல செய்றா. நான்தான் போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. ஆனா இன்ஸ்பெக்டர், சாட்சி பத்தாதுன்றாரு. அவ தப்பிச்சிடக் கூடாது. என் பசங்க அவங்க." பொட்டலத்தை மேடம் பக்கம் தள்ளினார். "பேர நிச்சயமாச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் விடமாட்டேன்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அதை நினைத்து அன்று மாலைக்குள் வருத்தப்படப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

மேடம் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளை என் தண்ணீர்த் தம்ளரில் போட்டு, விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். பிறகு என் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிந்தார். தம்ளர் பொங்கியது.

"மேடம், அது என் தம்ளர். எலுமிச்சையும் என்னுது," என்றேன்.

"வழவழன்னு இருக்கு. புளிப்பு பட்டா நுரைக்குது. பரல் பரலா இருக்கு," என்றார், என்னைக் கவனிக்காமல். "இது விஷம் இல்ல வேதாசலம் சார். சலவைச் சோடா. எந்த மளிகைக் கடையிலயும் கிடைக்கும்."

வேதாசலத்தின் முகம் விழுந்தது. உடனே நிமிர்ந்தார். "திங்கற பண்டம் கொண்டாற கூடையில சலவைச் சோடா எதுக்கு?"

"அதே கேள்விதான் எனக்கும். இந்தக் கேஸ்ல எனக்குப் பிடிச்ச ஒரே கேள்வி அதுதான்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஜெகதீசா, ஸ்கூட்டர எடு."

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து மகிழ்ச்சி அடையவில்லை. அவர் வரங்கல் பக்கத்துக்காரர். தமிழ்க் காலனியில் வேலை பார்த்ததால் பாதித் தமிழ் வரும்.

"ஏமண்டி, நேத்து காலனி ஜனம் மொத்தம் கேட்ல நின்னாங்க. அந்தம்மா ஸ்டவ், பாத்திரம் எல்லாம் ரோட்டுல போட்டு உடைச்சாச்சு. உள்ள இருக்கறது அந்தம்மாவுக்கே சேஃப். போய்ப் பேசுங்க, சீக்கிரம் வாங்க."

ஆரோக்கியமேரி கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம். நேற்றிலிருந்து லாக்கப்பில் இருந்தும் தலையை ஒழுங்காக வாரி முடிந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள், பயம் காட்டவில்லை.

"கூடையில சலவைச் சோடா எதுக்கு வெச்சிருந்தீங்க?" என்று மேடம் நேராகக் கேட்டார்.

"தம்ளர் கழுவத்தாம்மா. வேற எதுக்கு? டீ குடுத்த தம்ளர அங்கனயே கழுவணும். சாம்பல் போட்டாலும் போவாது, புளி போட்டாலும் போவாது. அப்படி ஒரு பிசுக்கு."

"எண்ணெய்ப் பிசுக்கா?"

"எண்ணெயும் கரியும் கலந்தது. அவிய கையில இருந்து வாறது. செக்யூரிட்டி ஆளுக குடிச்ச தம்ளர் வெறுந் தண்ணியில போயிரும். ஃபயர்காரவிய தம்ளருக்கு மட்டுந்தான் சோடா."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் நான் ஏதாவது கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

"செக்யூரிட்டி ஆளுங்களும் உங்க பஜ்ஜிதான் சாப்பிடுவாங்களா?" என்றேன்.

"ஒரே சட்டி, ஒரே மாவு. அவியளுக்கு ஒண்ணும் ஆகலியே."

"வேலை குடுக்கலன்னு கோவம் இருந்துச்சா?" என்று மேடம் கேட்டார்.

"இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லுவேனா? ஆனா அந்தக் கோவத்துல பஜ்ஜியில உப்பக்கூட நான் கூட்டிப் போட்டதில்ல." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஜெயிலு பயம் இல்லம்மா. வெளிய வந்தப்புறந்தான் பயம். விஷக்காரின்னு பேரு வச்சாச்சு. இனி இந்த ஊர்ல யாரு என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிப்பா? நான் எதச் செஞ்சு பிழைக்க?"

 மேடம் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது, "தம்ளரைப் பாக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

தீயணைப்பு நிலையத்தில் இரண்டு சிவப்பு வண்டிகள் பளபளவென்று நின்றன. பித்தளைக் குழாய் முனைகளில் முகம் பார்க்கலாம். கூடத்தின் தரையில் தூசி இல்லை. ஆனால் சுவரில் வரிசையாகத் தொங்கிய கோட்டுகளைப் பார்த்ததும் என் மூக்கு தானாகச் சுருங்கியது. எரிந்த ரப்பரும் கெட்டுப்போன எண்ணெயும் கலந்த வாடை. ஒவ்வொன்றும் கறுத்து, இறுகி, தோல் போல மினுங்கியது. தரையில் இறக்கி வைத்தால் ஆள் இல்லாமலே நின்றுவிடும்.

"இது கோட்டு இல்லம்மா. சர்வீஸ் ரெக்கார்டு," என்றார் வேதாசலம். அத்தனை துக்கத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை ஏறியது. "இந்த மேல் பூச்சு போவன்பள்ளி சாக்குக் கிடங்கு. இது எங்க ரப்பர் கோடவுன். இது உப்பல்ல பெயிண்ட் ஃபேக்டரி. வெளி ஊர்த் தீக்கும் எங்களத்தான் கூப்பிடுவாங்க. சனிக்கிழமைல குழியில கழிவு ஆயில ஊத்திக் கொளுத்தி ப்ராக்டீஸ். அந்தக் கரி தனியா மினுங்கும்."

"துவைக்கறதில்லையா?" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபயர்மேன்கள் சிரித்தார்கள். ஒருவர், "மெடல யாராவது துவைப்பாங்களா சார்?" என்றார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல் தீயை அணைத்துத் திரும்பினால் ஒரு வழக்கமாம். மூத்தவர் தன் கோட்டில் உள்ளங்கையைத் தேய்த்து, அவன் இரண்டு கன்னத்திலும் கரியைப் பூசுவார். அன்று முழுக்க அவன் முகம் கழுவக் கூடாது. அந்த முகத்தோடுதான் எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அப்படிக் குடித்தால்தான் அவன் கூட்டத்தில் ஒருவன்.

"நம்ம ஜெகதீசனுக்கும் பூசிவிடுங்க. ரொம்ப நாளா அவனை எந்தக் கூட்டத்துலயும் சேக்கல," என்றார் மேடம்.

"மேடம், நக்கோ, வேண்டாம்," என்றேன். யார் கேட்டார்கள்? ராஜாராமனின் கோட்டு சும்மா தொங்கியது. அதை என் தோளில் மாட்டினார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது போல் கனத்தது. வேதாசலமே வந்து என் கன்னத்தில் பூசினார். எல்லோரும் கை தட்டினார்கள். காண்டீனிலிருந்து டீ வந்தது. அவர்கள் கோட்டை எடுத்து பெஞ்சில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அதே கையால் பிஸ்கட்டை எடுத்து நனைத்துத் தின்றார்கள். நானும் தின்றேன்.

மேடம் டீயைக் குடிக்கவில்லை. கோட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அங்கே ஒரு கோட்டு மட்டும் வெளுத்துப்போய், பொத்தான்களின் நிறம் தெரியத் தொங்கியது.

"இது யாருது? புது ஆளா?"

மறுபடி சிரிப்பு. "அது தோபியோடது. பதினஞ்சு வருஷ சர்வீஸ்."

ஓரமாய் நின்ற ஒல்லி மனிதர் சிரிக்கவில்லை. ரகுநாதன் என்று பெயர். "என் வீட்டுக்காரி ராஜத்துக்கு மூச்சிரைப்பு மேடம். கரி வாடை பட்டாலே இழுக்க ஆரம்பிச்சிடும். அதனால தீக்குப் போய்ட்டு வந்ததும் பின்னாடி தொட்டியில கோட்டைத் துவைச்சு, நானும் சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எனக்கு பிஸ்கட்டும் அப்புறந்தான் இறங்கும்."

"ஆர்டர மீறித் துவைக்கிறான்," என்றார் வேதாசலம். "அதனாலதான் ப்ரமோஷன் இல்ல. இவனுக்குப் பின்னாடி வந்தவன்லாம் லீடிங் ஃபயர்மேன் ஆயிட்டாங்க. இவன் இன்னும் மொத வரிசையில குழாய் பிடிக்கறான்."

எனக்குள் மணி அடித்தது. மேடத்தை வண்டிகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனேன். தொட்டி விளிம்பில் ஒரு சோப்புக் கட்டியும், பக்கத்தில் ஒரு டப்பாவில் வெள்ளைத் தூளும் இருந்தன.

"மேடம், கேஸ் முடிஞ்சுது. ப்ரமோஷன் போச்சு, பதினஞ்சு வருஷமா தோபின்னு கேலி. கேலி பண்ணவனெல்லாம் ஒவ்வொருத்தனாப் படுக்கறான். இவன் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கான். எல்லாரும் தின்னும்போது தின்னறதில்ல. சலவைச் சோடா டப்பா வேற இருக்கு."

"நல்லா இருக்கு. ஒரே ஒரு குறை."

"என்ன?"

"கான்சரை எந்தக் கடையில வாங்கினான்?"

 மேடம் தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து என்னிடம் நீட்டினார். "வாயைத் துடை. உதட்டு உள்பக்கமும்."

துடைத்தேன். கைக்குட்டையில் பழுப்பும் கறுப்புமாய் ஒட்டியது. பிறகு நான் குடித்து வைத்த தம்ளரைக் காட்டினார். அதில் என் ஐந்து விரலும் கறுப்பாய்ப் பதிந்திருந்தன. தொட்டித் தண்ணீரில் அலசினார். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டோடியதே தவிர விரல் தடம் போகவில்லை. ரகுநாதனின் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்த பிறகுதான் போயிற்று.

"நீ கொஞ்ச நேரம் போட்டிருந்தே. உன் கையிலேர்ந்து தம்ளர், தம்ளர்லேர்ந்து வாய். பிஸ்கட்டோட எவ்வளவு போச்சோ. அவங்க வருஷக்கணக்கா இதையே போட்டு, இது மேலயே உக்காந்து, இதே கையால சாப்பிடறாங்க. வேர்வையில தோல் வழியாவும் ஊறும். அந்தம்மா கூடைல சோடா வெச்சிருந்தது யாரையும் கொல்ல இல்ல. இதை எடுக்கத்தான்."

  ரகுநாதனின் சோப்பை எடுத்துக் கன்னம் எரியும் வரை தேய்த்தேன்.

தொழிற்சாலை மருத்துவமனையில் டாக்டர் கல்பகம் முதலில் பேசத் தயங்கினார். மேடம் கைக்குட்டையை அவர் மேஜைமேல் விரித்து வைத்ததும் தயக்கம் போயிற்று.

"எனக்கு இவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க," என்றார். "தேவசகாயத்தைத் தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பினேன். இளங்கோவனை சிறுநீர்ப் பிரிவுக்கு. ராஜாராமனுக்கு அடிவயித்துக்குக் கீழ கட்டி, அது வேற டாக்டர். சீதாராமன் தோல் டாக்டர்கிட்ட போனார். ஒரே வரிசையில நிக்க வெச்சு நான் பாக்கவே இல்ல. பாத்திருக்கணும்."

"கரியால வருமா?"

"இருநூறு வருஷம் முன்னாலயே இங்கிலாந்துல கண்டுபிடிச்சாங்க. புகைக்கூண்டுக்குள்ள இறங்கித் துடைக்கிறவங்களுக்கு, தொடை இடுக்குல கரி தங்கி, அங்கயே கான்சர் வந்துது. மருத்துவக் கல்லூரியில முதல் வருஷம் படிச்சது. பரிட்சையில எழுதி மார்க் வாங்கிட்டு மறந்துட்டேன்." கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது அந்தக் கரியைவிட மோசமா இருக்கும். ரப்பர், பெயிண்ட், பிளாஸ்டிக், கழிவு ஆயில். மூச்சுல போறது பாதி, ஒட்டிக்கிட்டு வர்றது பாதி."

"ரகுநாதன் மட்டும் நல்லா இருக்கார். அதுவும் முன்வரிசையில, புகைக்கு மிகப் பக்கத்துல நிக்கறவர். அப்போ புகை மட்டும் காரணம் இல்லன்னு ஆகலையா?"

"ஆகாது. ஒரு ஆளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. கோர்ட்ல நிக்காது." டாக்டர் கைக்குட்டையை மடித்தார். "ஆனா என் தம்பி அங்க வேலை பாத்தா, இன்னிக்கே அந்தக் கோட்டைக் கழட்டுடான்னு சொல்வேன். இடுமருந்து எதுவும் இல்ல, அதை மட்டும் எங்க வேணாலும் வந்து சத்தியமாச் சொல்றேன்."

நாங்கள் திரும்பியபோது வேதாசலம் தன் அறையில் காத்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிப் பக்கம் சொன்னதை யாரோ கேட்டு அவர் காதில் போட்டிருக்க வேண்டும்.

"ரகுநாதனா?" என்று எழுந்தே நின்றார். "அவன்தானாம்மா? சொல்லுங்க. இவ்வளவு நாளா என் கண்ணெதிர்லயே..."

"உக்காருங்க," என்றார் மேடம். "ரகுநாதன் உங்க மத்த ஆளுங்க சாப்பிட்டதத்தான் சாப்பிடறார். அதே குழியில ப்ராக்டீஸ், அதே தீ. எல்லாரையும் விட முன்னால நிக்கறார். அவர் செஞ்சு, மத்தவங்க செய்யாத வேலை ஒண்ணே ஒண்ணு என்ன?"

வேதாசலம் யோசித்தார். பதில் அவர் முகத்துக்கு வந்த வேகத்தை நான் பார்த்தேன். வாய்க்கு வர வெகுநேரம் ஆயிற்று.

"கோட்டத் துவைக்கிறான்."

மேடம் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார். எதையும் மழுப்பவில்லை, கூட்டவும் இல்லை. தம்ளர், பிசுக்கு, சோடா, என் உதட்டுக் கரி, புகைக்கூண்டு. வேதாசலம் தலை குனிந்து கேட்டார். நடுவில் ஒரு முறை தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"துவைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றார் மேடம் கடைசியில். அவர் குரலும் தாழ்ந்துவிட்டது.

"நான்தான்."  பிறகு தானாகவே சொன்னார். "ஆரம்பத்துல எல்லாரும் துவைச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். ஒரு மழைக்காலம். மணி அடிச்சிட்டாங்க. ஒரு பையன் ஈரக் கோட்டோட ஓடினான். தீக்கிட்ட போனதும் அந்த ஈரம் ஆவியா மாறி முதுகு மொத்தமும் வெந்துபோச்சு. நான்தான் அவனத் தூக்கினேன். தோலு என் கையோட வந்துச்சு. மேல போய்க் கேட்டேன், ஆளுக்கு ரெண்டு கோட்டு குடுங்கன்னு. மாத்திக் கட்ட ஒண்ணு வேணும்னேன். சிரிச்சாங்க. கல்யாணத்துக்கான்னு கேட்டாங்க. அதுக்கப்புறந்தான் துவைக்காதீங்கடான்னு ஆர்டர் போட்டேன்."

"மெடல்னு சொன்னது?"

"பசங்க மூஞ்சியச் சுளிச்சாங்க. நாறுதுன்னாங்க. அழுக்குன்னு சொன்னா எவன் போடுவான்? அதனால மெடல்னேன். கன்னத்துல பூசறதும் நான் ஆரம்பிச்சதுதான்." நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். "தேவசகாயத்துக்குப் பூசினது நான். இளங்கோவனுக்கு நான். ராஜாராமனுக்கு, சீதாராமனுக்கு. எல்லாருக்கும் நான்தாம்மா பூசினேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் போது எங்கள் தொழிலில் ஒரு சந்தோஷம் உண்டு. அன்று அது இல்லை. இந்த மனிதர் தன் ஆட்களைத் தீயிலிருந்து காப்பாற்றத்தான் அதைச் செய்தார். அதில்தான் அவர்கள் செத்தார்கள். எனக்கு அவர் மேலும் கோபம், இரண்டாவது கோட்டைக் கேட்டதற்குச் சிரித்தவர்கள் மேல் அதைவிடக் கோபம்.

"இதுல கொலைன்னு எதுவும் இல்ல," என்றார் மேடம். "யாருக்கு எதால வந்துதுன்னு டாக்டராலயே அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா ஒருத்தி உள்ள உக்காந்திருக்கா. அது உங்க கையெழுத்தால. அதை இன்னிக்கே சரி பண்ண முடியும்."

வேதாசலம் எழுந்து கூடத்துக்குப் போனார். பெஞ்சில் இருந்தவர்கள் விறைப்பாய் எழுந்து நின்றார்கள். அவர் கோட்டு வரிசையைப் பார்த்தார். பிறகு கடைசியில் நின்ற ஒல்லி மனிதரிடம் போனார்.

"ரகுநாதா, சோப்பு எங்க வெச்சிருக்க?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். வேதாசலம் தன் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து ரகுநாதனின் கையில் கொடுத்தார். "மழை பேஞ்சாலும் சரி. பாதிப் பேரு இன்னிக்குத் துவைங்க, அது காய்ஞ்சதும் மீதிப் பேரு. அதுக்கு நடுவுல மணி அடிச்சா காஞ்ச கோட்டு இருக்கறவன் மட்டும் வண்டியில ஏறுங்க. மேல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஏன்னு வந்து சொல்றேன்." சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் வெளியே நடந்தார்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். டாக்டர் கல்பகமும் வந்து, விஷத்தின் அடையாளம் யாரிடமும் இல்லை என்று சொன்னார். வேதாசலம் கைகளை மேஜைமேல் வைத்தார்.

"அந்தம்மாவ விட்டுட்டு என் பேர எழுதிக்குங்க சார். நான்தான் செஞ்சேன்."

"தீனிக்கி செக்ஷன் லேதண்டி," என்றார் இன்ஸ்பெக்டர். இதற்குச் சட்டப்பிரிவு கிடையாது என்று அர்த்தம். "கோட்டு துவைக்க நக்கோ சொன்னதுக்கு எந்தக் கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தறது? கம்ப்ளெய்ண்ட வாபஸ் வாங்குங்க, போதும்."

தனக்கு ஒரு தண்டனையும் இல்லை என்று கேட்ட மனிதன் அப்படி நொறுங்கிப்போய் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டார். கான்ஸ்டபிள் போய் லாக்கப்பைத் திறந்தார்.

ஆரோக்கியமேரி வெளியே வந்ததும் வேதாசலம் கை கூப்பினார். "நான்தான் தாயி காரணம். காலனியில ஒவ்வொரு வீடா ஏறி நானே சொல்றேன். நாளைக்கு உன் கையால மொதல் டீய எல்லார் முன்னாலயும் நான் குடிக்கறேன்." அப்புறம், தட்டுத் தடுமாறி, கோட்டையும் கரியையும் பற்றிச் சொன்னார்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"கல்யாணமான புதுசுல ஒரு நாள், அவிய தூங்கும்போது அந்தக் கோட்ட எடுத்துத் துவைச்சுப் போட்டேன் சார். தண்ணி மசி மாதிரி ஓடுச்சு. இம்புட்டும் ஒரு மனுசன் மேலயா கிடந்துச்சுன்னு பயந்து ரெண்டாந்தரமும் சோப்பு போட்டேன். மறுநாள் அவியள வரிசைக்கு வெளிய நிப்பாட்டி எல்லாரையும் சிரிக்க வச்சிய. சாயங்காலம் என்னையக் கூப்பிட்டு விட்டிய. புருசன் மானத்த வாங்கிட்டியேன்னு கேட்டிய. உங்க கால்ல விழுந்து, இனிமே அதத் தொடமாட்டேன்னு சொன்னேன்."

வேதாசலத்தின் கூப்பிய கைகள் அப்படியே நின்றன.

"சொன்ன மாதிரியே தொடல சார்," என்றாள் ஆரோக்கியமேரி.